கடல், நகரம், வயல்: வான் வில்லியம்ஸின் முதல் மூன்று சிம்பொனிகள்

1910 அக்டோபர் 12 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மண்டபத்தில் ஒரு புதிய சிம்பொனி அரங்கேறியது. எழுதியவரே நடத்தினார். பெயர் ரேஃப் வான் வில்லியம்ஸ். எழுத்துக்கூட்டிப் படித்தால் ரால்ஃப் என்று வரும், ஆனால் அவரும் குடும்பத்தாரும் ரேஃப் என்றுதான் சொல்வார்கள். அன்று அவருக்கு 38ஆவது பிறந்தநாள். மொஸார்ட் நாற்பதுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளை எழுதிவிட்டு 35 வயதிலேயே கண்ணை மூடியவர். அந்தக் கணக்கில் 38இல் முதல் சிம்பொனி என்பது ரொம்பவே தாமதம்.

தாமதமாக வந்தவர் அதன்பிறகு நிற்கவில்லை. 1958இல் 85 வயதில் இறக்கும்போது ஒன்பது சிம்பொனிகளை முடித்திருந்தார். எண் போடும் வழக்கத்தை எட்டாவதில்தான் தொடங்கினார். முதல் மூன்றும் பெயரோடு மட்டுமே வெளிவந்தன: கடல் சிம்பொனி (1910), லண்டன் சிம்பொனி (1914), பாஸ்டொரல் சிம்பொனி (1922). மூன்றாவதன் பெயர் மேய்ச்சல் நிலத்தையும் நாட்டுப்புறத்தையும் குறிப்பது. கடல், நகரம், வயல் என்று மூன்று பெயர்களும் சுவரில் மாட்டும் படங்களைப் போல இருப்பதால், கேட்பவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அறிமுகக் குறிப்புகள் பலவும் அலை, பிக் பென் மணி, பச்சைப் புல்வெளி என்றுதான் போகின்றன. அப்படிக் கேட்டால் இந்த இசையில் பாதிதான் காதில் விழும் என்பது என் உறுதியான எண்ணம். மூன்றையும் வரிசையாகக் கேட்டால் வேறொன்று தெரியும். ஒவ்வொரு சிம்பொனியும் அது தொடங்கிய இடத்தைக் கைவிட்டு, மெல்ல மெல்லக் குரல் தணிந்து, முழக்கம் எதுவும் இல்லாமல் முடிகிறது. கடைசியில் கைதட்டலைக் கேட்டு வாங்கும் முடிவு மூன்றில் ஒன்றுக்கும் கிடையாது. ஏன் அப்படி என்பதற்கு அவருடைய படிப்பிலும், பழகிய மனிதர்களிலும், அப்புறம் முதல் உலகப் போரிலும் பதில் இருக்கிறது.

முதலில் அந்தத் தாமதம். வான் வில்லியம்ஸ் 1872இல் க்ளாஸ்டர்ஷயரில் டவுன் ஆம்ப்னி என்ற கிராமத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். தாய்வழியில் வெட்ஜ்வுட் குடும்பம். சார்ல்ஸ் டார்வின் அவருக்குப் பாட்டனார் முறை. பணத்துக்குக் கஷ்டம் இல்லை, படிப்புக்கும் குறைவில்லை. லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் பாரி, ஸ்டான்ஃபோர்ட் ஆகியோரிடமும், கேம்பிரிட்ஜிலும், பெர்லினில் மாக்ஸ் புருக்கிடமும் படித்தார். இத்தனை படித்தும் தனக்கென்று ஒரு குரல் கிடைக்கவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. அன்றைய இங்கிலாந்தில் அந்தக் குறை பலருக்கும் உண்டு. சிம்பொனி என்றாலே ஜெர்மன் சரக்கு என்பது பொது அபிப்பிராயம். பிராம்ஸைப் போல எழுதத் தெரிந்தால் பாஸ், அவ்வளவுதான். 1908 டிசம்பரில் மான்செஸ்டரில் அரங்கேறிய, ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்காரின் முதல் சிம்பொனிதான் அந்த நிலைமையை மாற்றியது. ஓராண்டுக்குள் உலகின் பல நகரங்களில் நூறு முறை அளவுக்கு அது வாசிக்கப்பட்டது.

வான் வில்லியம்ஸுக்குத் திறப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1903 டிசம்பரில் எஸெக்ஸில் இங்க்ரேவ் என்ற ஊரில் ஒரு வயதான உழைப்பாளி பாடிய நாட்டுப்பாடலைக் கேட்டு எழுதிக்கொண்டார். அதிலிருந்து ஊர் ஊராகப் போய் எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்களைச் சேகரித்தார். அதே சமயம் ஆங்கிலத் திருச்சபைக்கான ஒரு பெரிய பாமாலையின் இசைப் பதிப்பாசிரியராகவும் இரண்டு ஆண்டுகள் உழைத்தார்; அது 1906இல் வெளிவந்தது. உலகத்தின் மிகச் சிறந்த மெட்டுகளோடும் மிக மோசமான மெட்டுகளோடும் அந்த இரண்டு ஆண்டுகள் கிடந்தது, எத்தனையோ சொனாட்டாக்களைவிட நல்ல பாடம் என்று பின்னாளில் எழுதினார்.

அந்த நாட்டுப்பாடல்களில் அவருக்குக் கிடைத்தது என்ன என்பதைக் கர்நாடக இசை கேட்ட காதுக்குச் சொல்வது சுலபம். மேற்கத்திய செவ்வியல் இசை பல நூற்றாண்டுகளாக மேஜர், மைனர் என்ற இரண்டு சுரவரிசைகளிலேயே பெரும்பாலும் சுற்றிக்கொண்டிருந்தது. நாட்டுப்பாடகர்கள் பாடியதோ பழைய முறைகள். அவற்றில் டோரியன் என்பதன் சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்கள், மிக்ஸோலிடியன் என்றால் ஹரிகாம்போதி, ஏயோலியன் என்றால் நடபைரவி. கமகமோ சஞ்சாரமோ அங்கே இல்லை, அதனால் ராகம் என்று சொல்ல முடியாது. ஆனால் சுரங்களின் ஏற்பாடு அதேதான். இந்த வரிசைகளில் எழுதும்போது ஜெர்மன் இசையின் பெரிய இழுவிசை, அதாவது ஏழாம் சுரம் மேல் ஷட்ஜத்தை நோக்கித் தவிப்பது, தளர்ந்துவிடுகிறது. பாட்டு எங்கேயும் அவசரமாகப் போய்ச் சேர வேண்டியதில்லை. வான் வில்லியம்ஸின் சிம்பொனிகள் முழக்கம் இல்லாமல் முடிவதற்கு இலக்கணக் காரணம் இதில்தான் இருக்கிறது. ஆனால் முதல் சிம்பொனியைத் தொடங்கியபோது அவர் இதை இன்னும் முழுசாகப் பழகியிருக்கவில்லை.

கடல் சிம்பொனியை 1903இலேயே ஆரம்பித்தார்; முடிக்க ஆறேழு ஆண்டுகள் ஆயின. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் வரிகள். கேம்பிரிட்ஜில் சக மாணவராக இருந்த பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்தான் விட்மனை அவருக்கு அறிமுகப்படுத்தியவர். சொப்ரானோ என்ற உச்சப் பெண்குரல், பாரிடோன் என்ற நடுத்தர ஆண்குரல் என இரண்டு தனிக்குரல்கள், பலர் சேர்ந்து பாடும் பெரிய கோரஸ், முழு ஆர்க்கெஸ்ட்ரா, நான்கு பகுதிகள், எழுபது நிமிடத்துக்குக் குறையாத நீளம். பீத்தோவனின் ஒன்பதாவதில் கோரஸ் கடைசிப் பகுதியில்தான் எழுந்து நிற்கும். இங்கே முதல் நிமிடத்திலிருந்து நான்கு பகுதிகளிலும் கோரஸ் பாடிக்கொண்டே இருக்கிறது. இப்படி முழுக்கக் குரலால் ஆன சிம்பொனி அப்போது அபூர்வம். சரியாக ஒரு மாதம் முன்பு, 1910 செப்டம்பர் 12இல், மியூனிக்கில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் எட்டாவது சிம்பொனி அரங்கேறியது. அதுவும் இந்த வகைதான். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதல்ல. இங்கிலாந்தில் இதற்கு வேறு வேர் உண்டு. லீட்ஸ், பர்மிங்ஹாம் போன்ற தொழில் நகரங்களில் சாதாரண மக்கள் கூடிப் பாடும் பெரிய கோரஸ்கள் பலமாக இருந்தன. இசைவிழாக்கள் அவற்றை நம்பியே நடந்தன. புதிய இசையமைப்பாளர் ஒருவருக்குப் பெரிய மேடை வேண்டுமென்றால் கோரஸுக்கு எழுதுவதுதான் வழி.

இந்தச் சிம்பொனியின் முதல் அரை நிமிடத்தை மட்டும் நின்று கவனிக்க வேண்டும். டிரம்பெட்டும் டிராம்போனும் பி ஃபிளாட் மைனர் என்ற இருண்ட சுரக்கூட்டை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று சுரங்களை, முழங்குகின்றன. கோரஸ் அதே கூட்டைப் பிடித்துக்கொண்டு 'இதோ, கடல்' என்று பாடத் தொடங்குகிறது. 'கடல்' என்ற சொல் வரும் கணத்தில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் டி மேஜருக்குத் திரும்பிவிடுகிறது. இந்த இரண்டு கூட்டுகளுக்கும் பொதுவாக ஒரு சுரம்கூடக் கிடையாது. பி ஃபிளாட் மைனரின் மூன்று சுரங்களும் ஆளுக்கு அரைச்சுரம் நகர்ந்தால் டி மேஜர். ஆக, மிகக் கொஞ்ச தூரமே நகர்ந்து முற்றிலும் வேறு இடத்துக்கு வந்துவிடுகிறோம். கதவைத் திறந்ததும் கண் கூசுவது போன்ற அனுபவம் அது. அதற்கு அவர் செலவழித்தது வெறும் இரண்டு கூட்டுகள். இந்த ஜோடி பிறகு சிம்பொனி முழுதும் திரும்பத் திரும்ப வந்து, இத்தனை பெரிய கட்டடத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

கட்டடம் எல்லா இடத்திலும் ஒரே பலத்தோடு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்காரின் கோரஸ் எழுத்தின் சாயல் பல இடங்களில் அப்படியே தெரிகிறது. எல்காரின் ஸ்கோர்களை, அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றாக இருக்கும் முழு இசைக்குறிப்புகளை, பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து பல மணிநேரம் படித்ததையும், அதிலிருந்து எடுத்துக்கொண்டதையும் வான் வில்லியம்ஸே பின்னாளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். முதல் பகுதியில் உற்சாகம் சில இடங்களில் வெறும் சத்தமாகிவிடுகிறது. மூன்றாம் பகுதி அலைகளைப் பற்றியது. கோரஸுக்கு நல்ல வேலை வைக்கும் ஸ்கெர்ட்ஸோ என்ற துள்ளலான வேகப் பகுதி, அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. எனக்கு இந்தச் சிம்பொனியின் உயிர் இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்கிறது.

இரண்டாவது, இரவில் கடற்கரையில் தனியாக நிற்பவனின் எண்ணம். பாரிடோன் மெதுவாகப் பாட, கீழே சுரக்கூட்டுகள் அசைந்து அசைந்து இடம் மாறுகின்றன. நான்காவது ஏறக்குறைய அரைமணி நேரம். அதன் வரிகள் விட்மனின் 'இந்தியாவுக்குப் பயணம்' என்ற நெடுங்கவிதையிலிருந்து வந்தவை. சூயஸ் கால்வாய் திறந்தது, அமெரிக்கா நெடுக ரயில் பாதை முடிந்தது, கடலடியில் தந்திக் கம்பி போட்டது என்ற அந்தக் காலத்துச் சாதனைகளைக் கொண்டாடித் தொடங்கும் கவிதை அது. வான் வில்லியம்ஸ் கால்வாயையும் ரயிலையும் விட்டுவிட்டு, ஆன்மா கரை தெரியாத கடலில் கிளம்பிப்போகும் வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். இந்தத் தேர்விலேயே அவருடைய மனம் தெரிகிறது. பேரரசின் கடற்படைப் பெருமையைப் பாடுவதற்கு 1910இன் இங்கிலாந்தில் எல்லா வசதியும் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. முடிவில் 'இன்னும் தொலைவு, இன்னும் தொலைவு' என்று கோரஸ் அடங்கிக்கொண்டே போக, மேலே வயலின்களும் அடியில் செல்லோ, டபுள் பாஸும் மட்டும் மிஞ்சி, காதுக்கு எட்டாத அளவுக்குத் தேய்கின்றன. பித்தளை முழக்கத்தோடு தொடங்கிய சிம்பொனி கரையேறாமலே முடிகிறது.

இதை எழுதிக்கொண்டிருந்த நடுவில், 1907 கடைசியில், அவர் பாரிஸுக்குப் போய் மூன்று மாதம் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேலிடம் படித்தார். ராவேல் அவரைவிட மூன்று வயது இளையவர். 35 வயதுக்காரர் ஒருவர் தன்னைவிடச் சின்னவரிடம் போய் மாணவராக உட்கார்ந்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். ஜெர்மன் பாணியில் இழை இழையாகப் பின்னுவதை விட்டு, வாத்தியங்களை வண்ணப் புள்ளிகளாக வைத்து யோசிக்கும் முறையை அங்கே கற்றார். தன் மாணவர்களில் தன்னைப் போல இசையமைக்காதவர் இவர் ஒருவர்தான் என்று ராவேல் சொன்னாராம். அந்தப் படிப்பின் பலன் முழுதாகத் தெரிவது அடுத்த சிம்பொனியில்.

லண்டன் சிம்பொனி பிறந்த கதையில் ஜார்ஜ் பட்டர்வொர்த் என்ற இளைஞர் வருகிறார். வான் வில்லியம்ஸைவிடப் பதின்மூன்று வயது இளையவர். நாட்டுப்பாடல் சேகரிப்பவர், நடனக்காரர், அருமையான இசையமைப்பாளர், அதிகம் பேசாதவர். ஒருநாள் கிளம்பும்போது திடீரென்று, 'நீங்கள் ஒரு சிம்பொனி எழுத வேண்டும், தெரியுமா' என்றாராம். நான் சிம்பொனி எழுதியதும் இல்லை, எழுதுவதாகவும் இல்லை என்று பதில் சொன்னதாக வான் வில்லியம்ஸ் நினைவுகூர்கிறார். கோரஸ் இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மட்டும் எழுதுவதைத்தான் பட்டர்வொர்த் கேட்டார் என்பது வெளிப்படை. லண்டனைப் பற்றி ஒரு தனி இசைக்கவிதைக்காக வைத்திருந்த குறிப்புகளை வான் வில்லியம்ஸ் எடுத்துச் சிம்பொனியாக மாற்றத் தொடங்கினார். எழுத எழுத ஒவ்வொரு பகுதியையும் பட்டர்வொர்த்திடம் காட்டி அபிப்பிராயம் கேட்டார். அப்போது அவர் குடியிருந்தது செல்சியில், தேம்ஸ் நதியை ஒட்டிய செய்ன் வாக் தெருவில்.

நதியிலிருந்துதான் சிம்பொனி தொடங்குகிறது. செல்லோக்களும் டபுள் பாஸும் மிகத் தாழ்வாக நான்கு சுரங்களை எடுத்துத் தர, விடியாத நகரம் மெல்ல உருவாகிறது. ஹார்ப் தன் மணிச் சுரங்களால் வெஸ்ட்மின்ஸ்டர் கடிகாரம் அரைமணி அடிப்பதை வாசிக்கிறது. உடனே நகரம் இரைச்சலோடு விழித்துக்கொள்கிறது. இரண்டாம் பகுதியை ப்ளூம்ஸ்பெரி சதுக்கத்தின் நவம்பர் மாலை என்று அவரே குறிப்பிட்டார். கோர் ஆங்கலே என்ற தழுதழுத்த குரலுள்ள வாத்தியம் ஒரு நீண்ட பாட்டைப் பாட, பிறகு லாவெண்டர் பூ விற்கும் பெண்ணின் தெருக்கூவல் வியோலாவில் வருகிறது. குதிரைவண்டியின் சலங்கை ஒலி கேட்கிறது. மூன்றாம் பகுதிக்கு இரவு நேரத்து வெஸ்ட்மின்ஸ்டர் கரையில் நின்றுகொள்ளச் சொன்னார். தொலைவில் ஒரு பக்கம் ஸ்ட்ராண்டின் பெரிய ஹோட்டல்கள், மறுபக்கம் நியூ கட் என்ற ஏழைகளின் சந்தைத் தெரு.

இவ்வளவும் சொன்னவர், இதைச் சித்திரமாகக் கேட்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். 'ஒரு லண்டன்வாசியின் சிம்பொனி' என்பதே பொருத்தமான பெயராக இருக்கும் என்றார். கடைசிப் பகுதி முழு ஆர்க்கெஸ்ட்ராவின் ஓர் அலறலோடு திறப்பதை வெறும் நகரக் காட்சி என்று யார் சொல்ல முடியும்? அதன்பின் வரும் கனத்த அணிநடை வேறோர் அலறலில் போய் உடைகிறது. அப்புறம் ஹார்ப் மறுபடி கடிகாரத்தை வாசிக்கிறது, இந்த முறை முக்கால் மணி. சிம்பொனியின் நேரம் முக்கால் மணியை ஒட்டி ஓடினாலும் அதன் கடிகாரப்படி கடந்தது கால்மணிதான்! மணி அடித்ததும் நதியின் இசை திரும்பி வருகிறது. இந்த முடிவுரைக்கு, எச். ஜி. வெல்ஸின் 'டோனோ பங்கே' நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பாருங்கள் என்று தன் முதுமையில் ஒரு கடிதத்தில் எழுதினார். 1909இல் வந்த அந்த நாவலின் இறுதியில் ஒரு போர்க்கப்பல் தேம்ஸ் வழியே கடலுக்குப் போகிறது. நதியும் லண்டனும் இங்கிலாந்தும் பின்னால் கடந்துபோகின்றன. ஒரு பேரரசு மறைந்துபோவதைப் பற்றிய பக்கங்கள் அவை.

1914 மார்ச் 27இல் லண்டனின் குவீன்ஸ் ஹாலில் ஜெஃப்ரி டாய் நடத்த, சிம்பொனி அரங்கேறியது. நாலரை மாதத்தில் போர் வந்துவிட்டது. ஸ்கோரின் ஒரே பிரதி அப்போது ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டிருந்தது. அது திரும்பி வரவே இல்லை. வாத்தியக்காரர்கள் கையில் இருந்த தனித்தனிப் பிரதிகளை வைத்து, பட்டர்வொர்த், டாய், இசை விமர்சகர் எட்வர்ட் டென்ட் ஆகியோர் இசையமைப்பாளரோடு சேர்ந்து முழு ஸ்கோரையும் மறுபடி எழுதி எடுத்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் வாசிக்கும் ஒரு மணிநேர இசை என்றால், ஒவ்வொரு வரியையும் அதனதன் இடத்தில் அடுக்கிக் கையால் எழுதுவது எத்தனை பக்கம், எத்தனை இரவு! பிறகு பட்டர்வொர்த் போருக்குப் போனார். 1916 ஆகஸ்ட் 5இல் பிரான்ஸின் ஸொம் போர்முனையில், பொஸியேர் அருகே, குண்டடிபட்டு இறந்தார். வயது 31. உடல் அடையாளம் தெரிந்து மீட்கப்படவில்லை. அச்சான சிம்பொனி அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 'சிம்பொனி எழுதுங்கள்' என்று சொன்னவரும், தொலைந்ததை மீட்டவர்களில் ஒருவரும் அவரே.

வான் வில்லியம்ஸ் இந்தச் சிம்பொனியை விடவில்லை. 1918இல் ஒரு திருத்தம், 1920இல் அச்சுக்காக ஒரு திருத்தம், 1930களில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் வெட்டுதான் அதிகம். முதலில் ஒரு மணிநேரம் ஓடியது கடைசியில் 45 நிமிடத்துக்கு வந்தது. வெட்டுண்டவை பெரும்பாலும் நிதானமான, இருண்ட, நின்று யோசிக்கும் பக்கங்கள். ஆர்னால்ட் பாக்ஸ் போன்ற சக இசையமைப்பாளர்கள் அவற்றுக்காக வருந்தினார்கள். மூல வடிவம் 2001இல்தான் ரிச்சர்ட் ஹிக்காக்ஸின் ஒலிப்பதிவில் உலகுக்குக் கேட்கக் கிடைத்தது. வெட்டியது சரிதான் என்பவர்கள் கட்டமைப்பைச் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் மூல வடிவத்தின் முடிவுரையைக் கேட்டபின், அந்த நீளத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. நதிக்கு அங்கே ஓடுவதற்கு இடம் இருக்கிறது.

இனி மூன்றாவது. இதைப் பற்றித்தான் அதிகம் தவறாகப் பேசியிருக்கிறார்கள்.

போர் தொடங்கியபோது வான் வில்லியம்ஸுக்கு 42 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனாலும் 1914 கடைசி நாளில் ராணுவ மருத்துவப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1916 ஜூனில் அவருடைய ஆம்புலன்ஸ் பிரிவு பிரான்ஸுக்குப் போனது. அராஸுக்கு அருகே எக்வாவர் என்ற ஊரில் முகாம். காயம்பட்டவர்களைத் தூக்கிவர ஒவ்வொரு இரவும் வண்டியோடு கிளம்ப வேண்டும். அங்கிருந்து கிரேக்கத்தின் சலோனிகா போர்முனை. பிறகு பீரங்கிப் படையில் அதிகாரியாகி, 1918இல் மறுபடி பிரான்ஸ். பீரங்கி இரைச்சல் பின்னாளில் அவர் காதைப் பாதித்தது என்பார்கள். 1916இல் நண்பர் குஸ்தாவ் ஹோல்ஸ்டுக்கு எழுதிய கடிதத்தில், இத்தனை இடங்கள் வெறுமையாகிப்போன வாழ்க்கைக்குத் திரும்புவதை நினைத்தால் சில சமயம் பயமாக இருக்கிறது என்று பட்டர்வொர்த்தைக் குறிப்பிட்டே எழுதினார்.

பாஸ்டொரல் சிம்பொனியின் வித்து அந்த எக்வாவரில்தான் விழுந்தது. 1922 ஜனவரி 26இல் ஏட்ரியன் போல்ட் குவீன்ஸ் ஹாலில் அதை முதன்முதலில் நடத்தியபோது, கேட்டவர்கள் காதில் விழுந்தது இங்கிலாந்தின் புல்வெளி. நான்கு பகுதிகளில் மூன்று மெதுவானவை. வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும் பசுமாட்டைப் போன்ற இசை என்ற கிண்டல் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. ஈரமான நாளில் உழுத வயலில் உருண்டு புரள்கிறார் என்றார் இன்னொருவர். அவர் மறுத்து எதுவும் சொல்லவில்லை. பதினாறு ஆண்டு கழித்து, 1938இல், பின்னாளில் தன் மனைவியான அர்சுலாவுக்கு எழுதிய கடிதத்தில்தான் விஷயத்தைச் சொன்னார். எல்லாரும் நினைப்பதுபோல ஆட்டுக்குட்டிகள் துள்ளுகிற இசையே இல்லை அது. எக்வாவரில் ஒவ்வொரு இரவும் ஆம்புலன்ஸ் வண்டியோடு ஒரு செங்குத்தான மேட்டில் ஏறும்போது, சூரியன் மறையும் வேளையில், ஓவியர் கொரோ தீட்டியதுபோல ஓர் அழகான நிலக்காட்சி தெரியும் என்று எழுதினார். அது இங்கிலாந்தின் வயலே இல்லை. பிரான்ஸில் பிணங்களுக்குப் பக்கத்தில் இருந்த வயல்.

இரண்டாம் பகுதியின் நடுவில் இது வெளிப்படையாகவே கேட்கிறது. முகாமில் ஒருவர் பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பைப் பழகிக்கொண்டிருப்பார். மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கப்போய் அடிக்கடி அதற்குக் கீழே உள்ள ஏழாம் சுரத்தில் விழுந்துவிடுவார். பியூகிளில் விசை கிடையாது, உதடும் காற்றும்தான். இயற்கையான மேற்சுரங்கள் மட்டுமே அதில் வரும். அந்த வரிசையில் எட்டாவதற்குப் பதில் ஏழாவதில் நின்றால், கிடைப்பது பியானோவில் இல்லாத ஒரு நிஷாதம். வழக்கமான இடத்துக்கு அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்து நிற்கும். வான் வில்லியம்ஸ் அந்தத் தவறை அப்படியே சிம்பொனியில் வைத்தார். தந்திவாத்தியங்கள் ஒரே கூட்டை அசையாமல் பிடித்திருக்க, டிரம்பெட் தனியாக ஒரு நீண்ட பாட்டை வாசிக்கிறது. விசை இல்லாத இயற்கை டிரம்பெட்டில் வாசிப்பதையே விரும்பினார், அந்தத் தாழ்ந்த நிஷாதம் உண்மையாக ஒலிக்க வேண்டும் என்பதால். பகுதியின் முடிவில் அதே பாட்டு ஹார்னில் திரும்புகிறது. சுருதி விலகிய அந்த ஒரு சுரம் எத்தனை முறை கேட்டாலும் என்னை உலுக்குகிறது. சாவுக்கு மரியாதை செய்ய வாசிக்கும் வாத்தியம், இன்னும் சரியாகப் பழகாத ஒரு பையன் கையில் இருக்கிறது. அந்தப் பையன் போரிலிருந்து திரும்பினானா என்று இசை சொல்லவில்லை.

மூன்றாம் பகுதி கனமான நாட்டுப்புற ஆட்டம். இந்தச் சிம்பொனியில் உரத்த குரல் கேட்பது முக்கியமாக இங்கேதான். அதுவும் முடிவில் யாரோ விரல்நுனியில் ஓடுவதுபோல மிக மெல்லிய வேகத்தில் கரைகிறது. நான்காவதில் டிம்பனி என்ற பெரிய முரசின் மெல்லிய அதிர்வுக்கு மேல், தொலைவிலிருந்து ஒரு பெண்குரல் சொல் இல்லாமல் பாடுகிறது. பெரும்பாலும் ஐந்து சுரங்களுக்குள்ளேயே நிற்கும், தாளம் இல்லாத ஆலாபனை. கடல் சிம்பொனியில் எழுபது நிமிடம் விட்மனின் சொற்களைக் கொட்டியவர், இங்கே ஒரு குரலை வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் தரவில்லை. போரின் முடிவில் இங்கிலாந்தில் நினைவுச்சின்னங்களின் கல்லில் எத்தனையோ பெரிய சொற்களைச் செதுக்கினார்கள். அவர் அந்தச் சொற்கள் எதையும் தொடவில்லை. நடுவே தந்திகள் ஒரே குரலாகத் திரண்டு ஒரு முறை கதறுகின்றன. பிறகு அந்தப் பெண்குரல் திரும்பி வருகிறது. இந்த முறை கீழே டிம்பனி இல்லை, மேலே வயலின்களின் நீண்ட ஒற்றைச் சுரம் மட்டும். அதோடு முடிகிறது.

இதை நாட்டுப்புறச் சித்திரம் என்று நினைத்திருந்தவர்களுக்கு 1935இல் அதிர்ச்சி வந்தது. அவருடைய நான்காவது, எஃப் மைனர் சிம்பொனி, முதல் சுரக்கூட்டிலேயே அறைகிறது. கடைசியிலும் ஓர் அறையோடு நிற்கிறது. அமைதியானவருக்கு என்ன ஆயிற்று, ஐரோப்பாவின் அரசியலா, அடுத்த போரின் முன்னறிவிப்பா என்றெல்லாம் பேசினார்கள். எனக்குப் பிடிக்கிறதா என்று தெரியாது, ஆனால் நான் சொல்ல நினைத்தது இதைத்தான் என்பது அவர் பதில். லண்டன் சிம்பொனியின் கடைசிப் பகுதியிலும் பாஸ்டொரலின் நடுவிலும் எழும் கதறலைக் கேட்டிருந்தால் அந்த அதிர்ச்சிக்கு இடமே இல்லை. ஆத்திரம் முன்பே இருந்தது. நான்காவதில் அதற்குப் பின்னால் அமைதியான முடிவுரை ஒன்றை எழுத அவர் மறுத்துவிட்டார், அவ்வளவுதான்.

புதிதாகக் கேட்க வருபவர்கள் எண் வரிசையில் போக வேண்டிய அவசியம் இல்லை. லண்டன் சிம்பொனியில் தொடங்குங்கள். நுழைய எளிது, ஜான் பார்பிரோலியின் ஒலிப்பதிவுகளில் அதன் மேல் உள்ள பிரியம் கேட்கும்போதே தெரியும். அதன்பின் ஹிக்காக்ஸ் பதிவு செய்த மூல வடிவத்தைப் போட்டு, இரண்டாம் பகுதியையும் முடிவுரையையும் மட்டும் ஒப்பிடுங்கள். இடைப்பட்ட 1920 வடிவத்தை மார்ட்டின் பிராபின்ஸ் பதிவு செய்திருக்கிறார், அதுவும் கிடைக்கிறது. கடல் சிம்பொனிக்கு ஏட்ரியன் போல்ட். அதைக் கேட்கும்போது விட்மனின் வரிகள் கையில் இருக்கட்டும், கோரஸ் பாடுவதைச் சொல் சொல்லாகப் பின்தொடர முடியும். பாஸ்டொரலை ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது. பேருந்துச் சத்தத்திலும் மிக்ஸி சத்தத்திலும் அதன் பாதி காணாமல் போய்விடும். முதல் தடவை 35 நிமிடமும் உட்கார முடியாவிட்டால் இரண்டாம் பகுதியை மட்டும் கேளுங்கள். டிரம்பெட் வருவதற்கு நாலைந்து நிமிடம் பொறுக்க வேண்டும்.